பாசிக்கு ஒரு பேராசிரியர் – டாக்டர் எம்.ஓ.பி. ஐயங்கார்



மலருக்கு யாராவது ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள. காஞ்சிபுரத்துக்காரன் என்றால் அறிஞர் அண்ணாவைப் பற்றியோ, வள்ளல் பச்சையப்பரைப் பற்றியோ எழுதுவான் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் தாவரவியல் படித்தவன். அதனால் எங்கள் துறையில் பெயர் தெரியாமல் பரீட்சை எழுத முடியாத ஒருவரை எடுத்துக்கொண்டேன். இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் டாக்டர் மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார். சுருக்கமாக எம்.ஓ.பி. ஐயங்கார்.

பாசியைப் படிக்க ஒரு பேராசிரியரா என்று காமர்ஸ் நண்பர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

நம்ம ஊரில் பாசி பார்க்காதவன் யார்? சர்வதீர்த்தக் குளத்துப் படியில் கால் வழுக்காதவன் யார்? 2019ல் அத்திவரதர் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்து 48 நாள் தரிசனம் தந்தபோது, லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து போனார்கள். அவர் அத்தனை காலம் பள்ளிகொண்டிருந்த அனந்தசரஸ் குளத்து நீரிலும் பாசி உண்டு. பட்டுக்கடையில் போய் பாசிப்பச்சையில் புடவை காட்டச் சொன்னால் கடைக்காரர் யோசிக்காமல் எடுத்துப் போடுவார். நிறத்துக்கே பெயர் கொடுத்த பொருள் அது. ஆனால் பாசி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரில் ஒன்பது பேர் அது ஒரு அழுக்கு என்றுதான் சொல்வார்கள். தமிழும் இதில் கொஞ்சம் குழப்பிவிட்டது. கழுத்தில் போடும் மணியும் பாசி, சுண்டலுக்குப் போடும் பயறும் பாசி, குளத்தில் மிதப்பதும் பாசி. மழைக்காலத்தில் மதில் சுவரில் வெல்வெட் மாதிரிப் படர்கிறதே, அதையும் பாசி என்றே சொல்கிறோம். அது பெரும்பாலும் மாஸ் எனப்படும் வேறு வகைச் செடி.

குறுந்தொகையில் பரணர் பாடிய ஒரு பாட்டு, காதலியின் பசலையை ஊரார் நீர் எடுக்கும் கேணியின் பாசிக்கு ஒப்பிடுகிறது. தொட்டால் விலகும், கை எடுத்தால் மீண்டும் பரவும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் ஆட்கள் பாசியை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் பாருங்கள். ஆனால் அதைக் கையில் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று இந்த மண்ணில் ஒரு வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் ஐயங்கார்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாசி என்பது ஒரே குடும்பம் அல்ல. சூரிய ஒளியில் தன் உணவைத் தானே தயாரிக்கும், ஆனால் வேர், தண்டு, இலை, பூ என்ற ஏற்பாடுகள் இல்லாத உயிர்களுக்கு நாம் வைத்த பொதுப்பெயர். ஒரே ஒரு செல்லாக மிதப்பதும் பாசி. கடலில் 45, 50 மீட்டர் வரை வளரும் ராட்சசக் கடற்பாசியும் பாசிதான். பச்சை, பழுப்பு, சிவப்பு என்று பல வம்சம். கண்ணாடி டப்பா மாதிரி ஓடு கட்டிக்கொண்டு வாழும் டயாட்டம் ஒரு வம்சம். நீலப்பச்சைப் பாசி என்று நாம் படித்தது உண்மையில் ஒரு வகை பாக்டீரியா என்று இப்போது வகைப்படுத்துகிறார்கள். ஆனால் அவற்றைக் குறைத்து எடைபோட வேண்டாம். ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்ஸிஜன் சேரத் தொடங்கியது அந்த வம்சத்தின் வேலையால்தான். இன்றைக்கும் உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களால் நடக்கிறது. கடலிலும் குளத்திலும் சின்னப் பூச்சி பாசியைத் தின்கிறது, மீன் பூச்சியைத் தின்கிறது, நாம் மீனைத் தின்கிறோம். சைவர்களும் தப்ப முடியாது. ஐஸ்கிரீமிலும் பலூடாவிலும் போடும் கடற்பாசி சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது.

இனி ஐயங்கார் கதைக்கு வருவோம்.

1886ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி சென்னையில் பிறந்தார். மண்டயம் ஐயங்கார் என்பது மேல்கோட்டைப் பக்கத்தோடு தொடர்புள்ள வைணவக் குடும்பங்கள்; நம் ஊரிலும் அந்த வம்சத்தாரைத் தெரிந்தவர்கள் உண்டு. பிரசிடென்ஸி கல்லூரியில் படித்து 1909ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். சென்னை அருங்காட்சியகத்தில் கொஞ்ச காலம், சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கொஞ்ச காலம் என்று வேலை பார்த்துவிட்டு, படித்த பிரசிடென்ஸிக்கே தாவரவியல் கற்பிக்க வந்து, பேராசிரியராக உயர்ந்தார்.

அந்தக் காலத்தில் தாவரவியல் என்றால் பூக்கும் செடிதான். வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் மலைக்குப் போய்ச் செடி சேகரித்துத் தாளில் ஒட்டிப் பெயர் வைப்பார்கள். பிரசிடென்ஸியிலேயே இருந்த பி.எஃப். ஃபைசன் நீலகிரி, பழனி மலை உச்சிகளின் செடிகளைப் பற்றி 1915ல் பெரிய புத்தகம் வெளியிட்டவர். பாசி என்றால் ஐரோப்பாவுக்குப் பாட்டிலில் அனுப்பி, அங்கே யாராவது பார்த்துப் பெயர் எழுதி அனுப்புவது வழக்கம். ஃபார்மலினில் போட்டு மாதக்கணக்கில் கப்பலில் போன பாசிக்கு நிறம் இருக்காது, அசைவு இருக்காது. அது எப்படிப் பிறக்கிறது, எப்படி இனம் பெருக்குகிறது என்று பார்க்க வழியே இல்லை. பாசியை உயிரோடு பார்க்கவேண்டும் என்றால் குளத்துக்குப் பக்கத்திலேயே ஒருவர் மைக்ராஸ்கோப்போடு இருக்கவேண்டும். ஐயங்காரின் பலமே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மிதக்கும் பாசியைப் பிடிக்க ஒரு வலை உண்டு. கூம்பு மாதிரித் தைத்து, நுனியில் சின்னக் குப்பி கட்டி, தண்ணீரில் இழுப்பார்கள். நைலான் வருவதற்கு முன் அந்த வலை எதனால் ஆனது தெரியுமா? பட்டு. மாவு சலிக்க ஐரோப்பாவில் நெய்த மெல்லிய பட்டுத் துணியைத்தான் உலகம் முழுக்க இதற்குப் பயன்படுத்தினார்கள். நம்ம தொழில் அங்கேயும் புகுந்திருக்கிறது.

ஃபைசன் 1919ல் இந்தியத் தாவரவியலுக்கென்று ஒரு இதழை ஆரம்பித்தார். அதன் முதல் தொகுதியிலேயே, 1920ல், சென்னையின் வால்வாக்ஸ் குடும்பப் பாசிகளைப் பற்றி ஐயங்காரின் கட்டுரை வந்துவிட்டது. வால்வாக்ஸ் என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மழைநீர்க் குட்டையில், குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, வெறும் கண்ணுக்கே பச்சைப் புள்ளியாகத் தெரியும். லென்ஸ் வழியாகப் பார்த்தால் உள்ளே காலியான ஒரு பந்து. பந்தின் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான, சில இனங்களில் ஆயிரக்கணக்கான செல்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மயிரிழைகள். எல்லாம் சேர்ந்து துடுப்புப் போட, பந்து உருண்டுகொண்டே நீந்தும். உள்ளே குட்டிப் பந்துகள். பெரும்பாலான செல்கள் துடுப்புப் போடுவதோடு சரி. சில மட்டுமே இனப்பெருக்கம் செய்யும். தனித்தனியாக வாழ்ந்த செல்கள் ஒன்றாகக் கூடி வேலையைப் பிரித்துக்கொண்டது எப்படி என்ற பெரிய கேள்விக்கு அந்தப் பந்து ஒரு ஜன்னல். ஐயங்கார் அந்த ஜன்னலை விட்டு வாழ்நாள் முழுக்க நகரவே இல்லை என்று பிறகு பார்ப்போம்.

1925ல் சென்னையிலிருந்து ஒரு புது நீர்வலைப் பாசியை விவரித்தார்: ஹைட்ரோடிக்டியான் இண்டிகம். மீன்வலையைப் போல ஐந்து, ஆறு மூலைக் கண்களாகச் செல்கள் கோத்துக்கொண்டு நிற்கும் பாசி. 1927ல் மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி எழுதினார். சென்னை அருங்காட்சியகம் அந்தத் தீவின் உயிரினங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில் அது வந்தது. இன்றைக்கும் தாவரவியல் மாணவர்கள் பஸ் பிடித்து ராமேஸ்வரம், மண்டபம் என்று பாசி சேகரிக்கப் போகிறார்களே, கல்விச் சுற்றுலா என்ற பெயரில் பாதி நேரம் கடலில் குளிக்கிறோமே, அந்தப் பாதைக்கு ஆரம்பம் இதுபோன்ற வேலைகள்தான்.

இதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பேராசிரியர் பதவி இருக்கிறது, மரியாதை இருக்கிறது. அந்த நிலையில் கப்பல் ஏறி, லண்டன் குவீன் மேரி கல்லூரிக்குப் போய் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். அங்கே ஆசிரியர் எஃப்.இ. ஃப்ரிட்ஷ். உலகப் பாசியியலில் அந்தக் காலத்து முதல் பெயர் என்றே சொல்லலாம். ஃப்ரிட்ஷுக்கும் நம் பக்கத்துப் பாசிகள் புதிதல்ல. இளவயதிலேயே இலங்கைக்கு வந்து வெப்பநாட்டுப் பாசிகளை ஆராய்ந்தவர். 1930ல் ஐயங்கார் டாக்டர் பட்டத்தோடு திரும்பினார். சுமார் 43 வயதில் பிஎச்.டி. நம்மில் பலர் அந்த வயதில் பென்ஷன் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம்.

1932ல் வந்தது அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன கட்டுரை. நியூ ஃபைட்டாலஜிஸ்ட் என்ற ஆங்கில இதழில் ஒரு புதுப் பாசிப் பேரினத்தை அறிவித்தார். ஆசிரியரின் பெயரையே அதற்கு வைத்தார்: ஃப்ரிட்ஷியெல்லா ட்யூபரோசா.

இதில் என்ன விசேஷம்? அது குளத்துப் பாசி அல்ல. குட்டை வற்றிக்கொண்டு வரும்போது ஓரத்தில் ஈரமண் இருக்குமே, அதில் முளைக்கிறது. மண்ணுக்குள்ளே கிழங்கு மாதிரி உருண்டையான செல் கூட்டம். அதிலிருந்து கீழே வேர் போன்ற இழைகள் இறங்குகின்றன. மேலே நிமிர்ந்து கிளைவிட்ட பச்சை இழைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றன. கோடையில் மேல்பகுதி காய்ந்து போனாலும் மண்ணுக்குள் உள்ள கிழங்குக் கூட்டம் தாக்குப்பிடித்து, அடுத்த ஈரத்தில் துளிர்க்கிறது. படரும் பகுதி ஒன்று, நிமிரும் பகுதி ஒன்று என்று உடல் இரண்டாகப் பிரிந்திருக்கும் இந்த அமைப்புக்கு ஹெட்டரோட்ரைக்கஸ் என்று பெயர். பி.எஸ்சி. தாவரவியல் படித்தவர்கள் இந்த வார்த்தையை எழுத்துக்கூட்டிப் பயந்தது ஞாபகம் வரலாம்.

நிலத்தில் நிற்கும் எல்லாச் செடிகளுக்கும், புல் முதல் ஏகாம்பரநாதர் கோயில் மாமரம் வரை, ஆதி மூதாதை தண்ணீரில் வாழ்ந்த பச்சைப் பாசி என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் தண்ணீரை விட்டு எப்படி ஏறி வந்தது? தண்ணீரில் மிதக்கிற உயிருக்கு நிற்க வேண்டிய அவசியமில்லை, உறிஞ்ச வேண்டிய அவசியமுமில்லை. நிலத்துக்கு வந்தால் இரண்டும் வேண்டும். கீழே ஒரு பகுதி ஈரத்தைத் தேட, மேலே ஒரு பகுதி வெளிச்சத்தைத் தேட, நடுவில் கோடையைத் தாங்க ஒரு சேமிப்பு என்று வேண்டும். அந்த மூன்றையும் ஒரு சின்னப் பச்சை இழைக்குள் காட்டியது ஐயங்காரின் பாசி. படரும் பகுதியும் நிமிரும் பகுதியும் உள்ள பச்சைப் பாசிகளிலிருந்தே நிலத்தாவரங்கள் வந்திருக்கவேண்டும் என்று ஃப்ரிட்ஷ் வாதிட்டார். பாசிகளின் அமைப்பும் இனப்பெருக்கமும் பற்றிய அவருடைய இரண்டு பெரிய தொகுதிகள் 1935லும் 1945லும் வந்தன. உலகம் முழுக்க மாணவர்கள் அவற்றைப் படித்தார்கள். அதோடு, நம் பக்கத்துச் சேற்று ஓரத்திலிருந்து எடுத்த பாசியையும் படித்தார்கள். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்து ஆர்.என். சிங் அதன் வாழ்க்கைச் சுற்றை மேலும் ஆராய்ந்து 1941ல் எழுதினார்.

ஐயங்கார் அதோடு நிற்கவில்லை. 1933ல் தென்னிந்திய வால்வாக்ஸ் கூட்டங்களைப் பற்றி லண்டன் லின்னேயன் சங்க இதழில் விரிவான கட்டுரை. அதே காலத்தில் எக்பாலோசிஸ்டாப்சிஸ், 1936ல் ஓடும் நீரில் வாழும் காராசியோசைஃபான் என்று மேலும் புதுப் பேரினங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியிருந்த தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1944 வரை அதை நடத்தினார். அவருக்குப் பின் டி.எஸ். சதாசிவன் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

அந்தக் கூடத்தில் அவர் உருவாக்கிய ஆட்கள்தான் அவருடைய இன்னொரு சொத்து. நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959ல் வெளிவந்து, இன்றும் மேஜையிலிருந்து இறங்காத பெரும் நூலை எழுதிய டி.வி. தேசிகாச்சாரி அவர் மாணவர். டயாட்டம் ஆராய்ந்த ஆர். சுப்ரமணியன், யூலோட்ரிக்கேல்ஸ் பற்றி நூல் எழுதிய கே.ஆர். ராமநாதன் என்று வரிசை நீளும். இந்த நாட்டில் பாசி படித்த பலருடைய குரு பரம்பரையைப் பின்னால் பிடித்துக்கொண்டே போனால் மெரினா கடற்கரைக்கு எதிரே அந்தப் பழைய கட்டடங்களில் போய் நிற்கும்.

அந்தக் காலத்திலேயே நம் கோயில் குளங்களும் ஆராய்ச்சிக்கு வந்துவிட்டன. வருஷம் பூராவும் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல இருக்கும் ஒரு கோயில் குளத்தைப் பற்றி எஸ்.வி. கணபதி 1940ல் கட்டுரை எழுதினார். அந்தப் பச்சைக்குக் காரணம் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. செல்லுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு, அதனால் மேலே மிதந்து வெளிச்சத்தை எல்லாம் தானே வாங்கிக்கொள்ளும். குளத்தில் சோப்பும் சாக்கடையும் சேரச் சேர, அவற்றிலுள்ள பாஸ்பரசைத் தின்று கொழுக்கும். சில வகைகள் ஈரலைப் பாதிக்கும் நஞ்சையும் உண்டாக்கும். அதனால் பச்சைக் குழம்பாகத் தெரியும் குளத்து நீரை மாட்டுக்குக்கூடக் காட்டவேண்டாம்.

அதே வம்சத்தில் நல்ல பிள்ளைகளும் இருக்கிறார்கள். உரமே போடாத நெல் வயலில் வருஷா வருஷம் எப்படி விளைகிறது என்ற கேள்விக்கு, வயல் நீரிலுள்ள நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன என்று 1939ல் பி.கே. டே காட்டினார். மேலே சொன்ன ஆர்.என். சிங் உவர் நிலத்தைத் திருத்தவே இந்தப் பாசிகளைப் பயன்படுத்தலாம் என்று வேலை செய்தார். செங்கல்பட்டு, உத்திரமேரூர் ஏரிப் பாசன வயலில் காலை வைத்து நடந்தவர்கள், காலில் ஒட்டிய அந்த வழுவழுப்பை நினைத்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்ற பிறகும் ஐயங்கார் மைக்ராஸ்கோப்பை மூடி வைக்கவில்லை. 1950களிலும் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. 1962ல் இந்தியப் பாசியியல் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் வேறு யாராக இருக்க முடியும்? அந்தச் சங்கத்தின் ஃபைக்கோஸ் இதழும் அதே ஆண்டில் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1963 டிசம்பர் 10ஆம் தேதி, 77 வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது காலமானார்.

முன்பு சொன்ன வால்வாக்ஸ் ஜன்னலுக்கு வருகிறேன். 1920ல் முதல் கட்டுரை. 1933ல் பெரிய கட்டுரை. அந்தக் குடும்பம் முழுவதையும் பற்றிய வால்வாக்கேல்ஸ் நூல், மாணவர் தேசிகாச்சாரியின் பெயரும் ஐயங்காரின் பெயரும் சேர்ந்து, 1981ல் வெளிவந்தது. குரு இறந்து 18 ஆண்டுகள் ஆகிவிட்டன. சிஷ்யர் விடவில்லை.

ஃப்ரிட்ஷியெல்லா கதைக்கும் ஒரு பின்பாதி உண்டு. அதை மறைத்து எழுதினால் நான் படித்த தாவரவியலுக்கு மரியாதை இல்லை. 1960களுக்குப் பிறகு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்தது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது நடுச்சுவர் எழும்பும் விதத்தைப் பார்த்தார்கள். நிலத்தாவரங்கள் சுவர் எழுப்பும் முறை ஒன்று, ஃப்ரிட்ஷியெல்லாவின் முறை வேறொன்று. பிறகு மரபணுவைப் படித்தார்கள். பச்சைப் பாசிகள் ஆதியிலேயே இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிந்துவிட்டன, நிலத்தாவரங்கள் ஒரு கிளை, ஃப்ரிட்ஷியெல்லா இன்னொரு கிளை என்று உறுதியாயிற்று. அதாவது நம் பாட்டன் அல்ல. தனியாக, தன் வழியில் கரையேறப் பார்த்த தூரத்துச் சொந்தம். ஃப்ரிட்ஷ் கட்டிய வாதம் நிற்கவில்லை.

ஆனால் ஐயங்கார் மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைந்தது ஒரு இழைகூட மாறவில்லை. அந்தப் பாசி இன்றும் அப்படியே இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாடப்புத்தகத்தில் பழைய வாதம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் மாணவர்கள் ஆசிரியரைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் நெருங்கிய சொந்தம் யார்? 2014ல் நூற்றுக்கும் மேற்பட்ட உயிரினங்களின் மரபணுத் தகவல்களை ஒப்பிட்டு வந்த பெரிய ஆய்வும், அதற்குப் பின் வந்தவையும், ஸைக்னிமா கூட்டத்தையே காட்டுகின்றன. அந்தக் கூட்டத்தில் நமக்கு மிகவும் பழகிய ஆள் ஸ்பைரோகைரா. முதல் வருஷ பிராக்டிகலில், ரிப்பன் சுற்றியதுபோல் பச்சைச் சுருளை வரைந்து, பென்சில் முனையை உடைத்துக்கொண்டோமே, அதேதான். தென்னிந்திய ஸ்பைரோகைராக்களைப் பற்றியும் ஐயங்கார் எழுதியிருக்கிறார். அவர் நெடுங்காலம் கவனித்த பாசிகளில் அதுவும் ஒன்று. உலகம் முழுக்கத் தேடிய நெருங்கிய உறவு, அவர் தினமும் பார்த்த கண்ணாடித் தகட்டிலேயே இருந்திருக்கிறது. அதை அறிய வேண்டிய கருவி அவர் காலத்தில் இல்லை.

ஸ்பைரோகைராவைக் கையில் எடுத்தால் கிளையே இல்லாத நீண்ட இழைகள், தொட்டால் வழுவழுவென்று நழுவும், வெயிலில் மினுக்கும். அதனால் ஆங்கிலத்தில் அதற்கு நீர்ப்பட்டு என்று பொருள்படும் ஒரு செல்லப்பெயர் உண்டு. நம்ம ஊரில் அதைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போக வேண்டாம். மழை முடிந்து தெளிந்து நிற்கும் எந்த ஏரி ஓரத்திலும், கையை விட்டால் வரும்.